பிரஷர் பார்ப்பவர்களும் பிரஷர் ஏற்றுபவர்களும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோனது. என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போதெல்லாம் மறந்துவிடுகிறது. உங்கள் பயிற்சிக் கூட்டத்துக்கு வந்து பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். என் மகள் கல்யாணத்திலேயே போட்டோவுக்கு நிற்க வெட்கப்பட்டுக்கொண்டு சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தவள் நான். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். சத்தமாகப் படிக்கத் தெரிந்த பிள்ளை யாராவது படித்துக் காட்டுங்கள். நான் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படித்தால் இன்னும் நல்லது.

நான் இருபத்தாறு வருஷம் ஆயா வேலை பார்த்தேன். எல்லாம் நம் மாவட்டத்துக்குள்தான். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் அவரவர் வேலை பார்க்கும் இடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசம் வராது.

எப்படிப் பெருக்குவது, எந்த வாளியில் எந்தக் குப்பை போடுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதைச் சூப்பர்வைசர் சொல்வார். சொல்லிக்கொண்டே இருப்பார். நான் சொல்ல வந்தது பிரஷர் மேசையைப் பற்றி.

நாங்கள் இருந்த கண் பிரிவு மாடியில் இருந்தது. கண் தெரியாதவர்கள் வருகிற இடத்தை மாடியில் வைத்த புத்திசாலி யார் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. நோயாளி ஊரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார். வாசலில் வாட்ச்மேன் செருப்பைக் கழற்றச் சொல்லிக் கத்துவார். கழற்றினால், "இங்கயா கழட்டுறது?" என்று கத்துவார். சீட்டு வாங்கும் இடத்தில், ஆதார் ஜெராக்ஸ் எங்கே என்பார்கள். ஜெராக்ஸ் கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். போய் எடுத்து வந்து, வரிசையில் இடம் போய்விட்டது என்று நாலு பேரிடம் சண்டை போட்டு, மாடி ஏறி வந்தால் அங்கே நான் நிற்பேன். "ஏன் மூச்சு வாங்குற? ஒக்காரு. கைய நீட்டு. பேசாத." உடனே பட்டையைச் சுற்றிவிடுவோம். மெஷினில் நம்பர் கூடுதலாக வந்தால், 'மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று நோயாளி தலையில் எழுதிவிடுவோம். சுவரில் 'அமைதி காக்கவும்' என்று பெரிய எழுத்தில் போர்டு தொங்கும். அந்தப் போர்டைக் காட்டித்தான் அதிகமாகச் சத்தம் போடுவோம்.

வெட்கப்படுகிறவள் என்று சொன்னேனே, சத்தம் எப்படிப் போட்டாய் என்று கேட்பீர்கள். வெட்கமெல்லாம் வீட்டுப் புடவையில்தான். ஆஸ்பத்திரியின் நீலப் புடவையைக் கட்டியதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்டெதஸ்கோப் கழுத்தில் வந்து தொங்கும் பாருங்கள், அது உங்கள் கழுத்திலும் தொங்கும். இரண்டு மாதத்தில் நீங்களே மாத்திரை சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். நானும் சொன்னேன். அந்தக் கதைதான் இது.

ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். பேர் மாரிக்கண்ணு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலை. வறுத்த கொட்டையைக் கல்லில் நிறுத்தி, கட்டையால் ஒரே தட்டு. பருப்பு முழுசாக வெளியே வர வேண்டும். கண் சரியாகத் தெரியாததால் அவர் பருப்பையும் உடைத்தார், கட்டை விரலையும் உடைத்தார். விரல் நகம் கறுத்துக் கழன்று தொங்கியது. வேலை கொடுக்கிறவர், "கண்ணச் சரிபண்ணிட்டு வா, இல்லாட்டி வராத" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அவருக்கு வலது கண் சின்ன வயதிலேயே முள் குத்திப் போய்விட்டது. மிச்சம் இருந்தது இடது கண் ஒன்றுதான். அதில்தான் புரை. அந்த ஒன்றும் மங்கிக்கொண்டே வந்தது. ஆபரேஷன் செய்தால் பார்வை வரும். ஆனால் பிரஷரோடு கத்தி வைத்தால், உள்ளே ரத்தம் கசிந்து அந்தக் கண்ணும் போகலாம். அதனால் ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் கறாராக இருந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. கை தங்கம். எத்தனையோ பேருக்குப் பார்வை கொடுத்த கை. அந்தக் கைக்கு இந்த வாயைச் சேர்த்து வைத்தது யார் என்றுதான் கேட்கிறேன்.

முதல் தடவை மாரிக்கண்ணுக்குப் பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. "ஏம்மா, சாகணும்னு வந்தியா?" என்றார் பெரிய டாக்டர். மாத்திரை எழுதித் திருப்பி அனுப்பினார். இரண்டாவது தடவையும் அதே நூற்றுத் தொண்ணூறு, கொஞ்சம் முன்னே பின்னே.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேங்கய்யா."

"பொய் சொல்லாத. போட்டா எப்படி இம்புட்டு இருக்கும்?"

"சத்தியமாப் போட்டேங்கய்யா. எங்க ஊர்ல வீடு வீடா வந்து பிரஷர் பாக்குற பிள்ளை, சரியா இருக்குன்னுதான் சொல்லுச்சு."

"அந்தப் புள்ளைகிட்டயே போயி ஆபரேஷன் பண்ணிக்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டாக்டர் சிரிப்புக்குச் சொன்னால் சிரிப்பதும் நம் வேலையில் ஒன்றாக அன்றைக்கு இருந்தது. மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

மாரிக்கண்ணு படியில் உட்கார்ந்து அழுதார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. பக்கத்தில் போய்க் குனிந்து, ரகசியம் மாதிரிச் சொன்னேன்: "அக்கா, இங்க பாருங்க. அடுத்த தடவ வர்றன்னைக்கு மட்டும் காலையில ரெண்டு மாத்திரையா போட்டுட்டு வாங்க. நம்பர் எறங்கிரும். யார்ட்டயும் சொல்லாதீங்க."

"நெசமாவா தங்கச்சி?"

"நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்!"

அதுதான் நம் படிப்பு. எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற கணக்கு. பார்த்தவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது என்று பார்த்ததே கிடையாது.

மூன்றாவது தடவை அவர் மாடிக்கே வரவில்லை. காலையில் வெறும் வயிற்றில், கூட்டி எழுதின மாத்திரையில் இரண்டைப் போட்டுக்கொண்டு, கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு எட்டு வைத்ததும் கண் இருட்டி விழுந்துவிட்டார். யாரோ ஆட்டோவில் போட்டு எங்கள் ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டிக்கே கொண்டு வந்தார்கள். எனக்கு விஷயம் வந்து, நான் படியில் இறங்கி ஓடினேன். நெற்றியில் ரத்தம். பிரஷர் தொண்ணூறுக்கும் கீழே.

அங்கே சின்ன டாக்டரம்மா ஒருவர் நின்றார். ஆபரேஷனுக்கு முன்னால் நெஞ்சு, பிரஷர் எல்லாம் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுகிறவர். என் கடைசி மகள் வயதுதான் இருக்கும். காலைத் தூக்கி வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, விரலில் கிளிப் மாட்டி, கையில் பட்டை சுற்றி, நாடியும் பிரஷரும் நம்பராகக் காட்டுகிற பெட்டியை ஓட விட்டார். கொஞ்ச நேரத்தில் மாரிக்கண்ணு கண் திறந்தார். "எத்தன மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ரெண்டு."

"யாரு சொன்னா ரெண்டு போட?"

நான் கால்மாட்டில் நின்றேன். மாரிக்கண்ணு என் பக்கம் திரும்பினார். புகை மாதிரிதான் தெரிந்திருக்கும், ஆனாலும் திரும்பினார். "யாரும் சொல்லலம்மா. நானாத்தேன் போட்டேன்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு எப்போதும் வெட்கம், நாலு பேர் முன்னால் பேச வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வசதியான வெட்கம் பாருங்கள். சத்தம் போட வேண்டிய நேரத்தில் காணாமல் போய்விடும், உண்மையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் டாண் என்று வந்து நிற்கும்.

அப்போதுதான் பெரிய டாக்டர் கேள்விப்பட்டுக் கீழே வந்தார். வாசலுக்கு வெளியே அவர் குரல் கேட்டது. "எங்க அந்த முந்திரிக்கொட்டை?" அவ்வளவுதான். இன்னும் உள்ளேகூட வரவில்லை. பெட்டியில் எழுபத்தெட்டு என்று ஓடிக்கொண்டிருந்த நாடித்துடிப்பு எண்பத்தைந்து ஆனது, தொண்ணூற்றைந்து ஆனது, அவர் கட்டில் பக்கம் வந்து நிற்கும்போது நூற்றுப் பதினைந்தைத் தாண்டியிருந்தது. பட்டை தானாக ஒரு தடவை உப்பி இறங்கியது. தொண்ணூறில் கிடந்த பிரஷர் நூற்று ஐம்பது காட்டியது. குளுக்கோஸ் பாட்டில் பாதிகூட இறங்கவில்லை.

சின்ன டாக்டரம்மா பெட்டியைப் பார்த்தார், பெரிய டாக்டரைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். பெரிய டாக்டர் திட்டி முடித்துவிட்டுப் போனார். பத்து நிமிஷத்தில் நாடித்துடிப்பு பழையபடி இறங்கிவிட்டது.

மத்தியானம் சின்ன டாக்டரம்மா எலுமிச்சை சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "ஆயா, பெட்டியப் பாத்தீங்களா?"

"பாத்தேன் டாக்டரம்மா. குளுக்கோஸ் நல்லா வேல செய்யுது."

அவர் சிரித்த சிரிப்பில் சாதம் புரையேறியது. "குளுக்கோஸ் இல்ல ஆயா, கொரலு. மூளைக்கு அடியில ஒரு எடம் இருக்கு, சின்னதுதான், ஒரு புளியங்கொட்ட இருக்கும்னு வச்சுக்கங்க. பயம் வந்தா அங்க இருந்து சில ஹார்மோன் கெளம்பும். அதுல ஒண்ணு வாசோபிரஸ்ஸின். அது ரத்தக் கொழாய இறுக்கும், ஒடம்புல இருக்க தண்ணிய வெளிய விடாது. மூளைக்குள்ள இருந்துக்கிட்டே இருதயத்த வேகமா அடிக்கச் சொல்லித் தூண்டியும் விடும். பாம்பப் பாத்தாலும் அதேதான், எங்க பெரிய டாக்டரப் பாத்தாலும் அதேதான். மூளைக்கு வித்தியாசம் தெரியாது."

"மூளைக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு டாக்டரம்மா" என்றேன்.

"அதே எடத்துல இன்னொண்ணும் உண்டாகுது. ஆக்ஸிடோசின். அது..."

"பிரசவ வார்டுல டிரிப்புல ஏத்துவாங்களே, அதா?"

"அதேதான்! வலி வரவைக்கிறது, பால் எறங்க வைக்கிறது எல்லாம் அதுதான். அது மூளைக்குள்ள வேற ஒரு வேலையும் பாக்குது. பயந்த இருதயத்தக் கொஞ்சம் தணிக்குதுன்னு சொல்றாங்க. ஒண்ணு வெரட்டுது, ஒண்ணு தட்டிக் குடுக்குது. ரெண்டும் எப்படி ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டுதுன்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது ஆயா. ஆராய்ச்சி பண்ணிக்கிட்டேதான் இருக்காங்க."

எனக்கு அந்த நீலப் புடவைப் புத்தி சும்மா இருக்குமா? "அப்ப அந்த ஊசிய மாரிக்கண்ணுக்குப் போட்டா பிரஷர் எறங்கிருமே?"

"அய்யோ ஆயா! அப்படில்லாம் தெரியாமப் போடக் கூடாது. அப்பறம் அந்த ரெண்டு மாத்திரை கதைதான் ஆயிரும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு நெஞ்சு டமடம என்று அடித்தது. அந்த நேரம் என் கையில் பட்டையைச் சுற்றியிருந்தால் மெஷினே வெடித்திருக்கும். ஹார்மோன் என்றால் என்ன என்று எனக்கு அந்த நிமிஷம் புரிந்த மாதிரி எந்தப் படிப்பும் புரிய வைத்திருக்காது.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. பிரசவ வார்டில் நான் வேலை பார்த்த காலம் நினைவுக்கு வந்தது. தலைப்பிரசவத்துப் பெண் ஒருத்தி, பால் இறங்காமல் தவித்தாள். அவள் மாமியார் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "எங்க வம்சத்துல எவளுக்கும் இப்புடி இல்லையப்பா" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே நின்றாள். நான் டீ வாங்கித் தருகிறேன் என்று மாமியாரைக் கேண்டீனுக்கு அழைத்துப் போய்த் திரும்புவதற்குள், பிள்ளை குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. மாமியார் அதைக் கேண்டீன் டீயின் ராசி என்று சொல்லிவிட்டாள்.

பிரஷர் மேசையிலும் பார்த்தேன். கீரனூரிலிருந்து ஒரு புருஷனும் பெஞ்சாதியும் வருவார்கள். நோயாளி அந்த அம்மா. பேசுகிறவர் அவர். "தூக்கம் வருதாம்மா?" என்றால், "நல்லாத் தூங்குவா" என்பார். "தலைவலி இருக்கா?" என்றால், "அதெல்லாம் சும்மா சொல்லுவா" என்பார். அவருக்குப் பேச்சு, அந்த அம்மாவுக்குப் பிரஷர். ஒரு நாள் அவரைக் கீழே ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லி அனுப்பினேன். ஜெராக்ஸ் எதற்கும் தேவையில்லை. அந்தக் கடையிலும் கூட்டம். அவர் வருவதற்குள் அந்த அம்மாவுக்கு இருபது இறங்கியிருந்தது. அன்றைக்கு என்னிடம் அந்த அம்மா தானாகப் பத்து வார்த்தை பேசியது. இனிமேல் வருகிறபோதெல்லாம் இவரை ஜெராக்ஸுக்கு அனுப்புங்கள் என்பது அதில் கடைசி வார்த்தை.

சரி, மாரிக்கண்ணுக்கு வருகிறேன். சின்ன டாக்டரம்மா மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்தார். ஊரில் வீட்டுக்கு வந்து பார்க்கிற அந்தப் பிள்ளையிடம், தினம் ஒரே நேரத்தில் பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். மாரிக்கண்ணு நாலாவது தடவை அந்த நோட்டோடு வந்தார். நோட்டில் ஒரு நாள்கூட நூற்று நாற்பதைத் தாண்டவில்லை.

அன்றைக்கு நான் அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். வாட்ச்மேனிடம், "இவுக என் சொந்தக்காரவுக, வாயத் தொறக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். மெதுவாக மாடி ஏற்றி, பாத்ரூம் போய்வரச் சொல்லி, துணி அடுக்குகிற சின்ன ரூமில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். முதுகு சாய்ந்திருக்க, கால் தரையில் இருக்க, கை மேசைமேல் இருக்க, பேச்சில்லாமல் கொஞ்ச நேரம். சின்ன டாக்டரம்மா வந்து அவரே பட்டை சுற்றினார். நூற்று முப்பத்தெட்டு. ஆபரேஷனுக்கு லிஸ்டில் பேர் எழுதினார்.

பெரிய டாக்டர் லிஸ்டைப் பார்த்ததும் கிளம்பி வந்துவிட்டார்.

"இந்தம்மாவுக்கு நூத்தி முப்பத்தெட்டா? யாரு பாத்தது? எங்க பாத்தது? துணி ரூம்லயா? ஏன், மாவரைக்கிற எடத்துல பாக்கலையா? இங்க, என் முன்னாடி பாருங்க."

அவர் முன்னால் பார்த்தோம். நூற்று எழுபத்தாறு.

"பாத்தீங்களா!" என்றார், பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி.

"சார், நோட்டுல இருக்கதப் பாருங்க" என்றார் சின்ன டாக்டரம்மா.

"நோட்டு என்ன நோட்டு? இந்தம்மா மாத்திரைய இஷ்டத்துக்கு முழுங்குற ஆளு. போன தடவ ரெண்டப் போட்டுட்டு விழுந்துச்சு. இன்னைக்கு மூணு போட்டுட்டு வந்திருக்கும், அதான் மொதல்ல எறங்கிக் காட்டிருக்கு. உள்ள மேசையில படுத்தப்பறம் குபீர்னு ஏறுனா? இருக்குறது ஒத்தக் கண்ணு. சொன்ன பேச்சு கேக்காத ஆளுக்கு நான் கை வைக்க மாட்டேன். பேர அடிங்க."

பேரை அடிக்கப் பேனாவை எடுத்துவிட்டார். மாரிக்கண்ணு நகம் போன கட்டை விரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை பேர் அடித்தால் அவர் திரும்பி வர மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. வேலையும் போய், அந்தக் கண்ணும் மூடி, வீட்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார். மாத்திரையை இஷ்டத்துக்கு முழுங்குகிற ஆள் என்ற பேரும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பேர் என்னுடையது.

பிள்ளைகளா, நான் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன். என் மூளையின் புளியங்கொட்டை அன்றைக்கு ஓவர்டைம் பார்த்தது.

"அய்யா, ரெண்டு மாத்திரை போடச் சொன்னது நான்தான்."

'அமைதி காக்கவும்' போர்டுக்கு முதல் தடவையாக மரியாதை கிடைத்தது.

"என்னது?"

"இவுக ஒங்க சீட்டுல எழுதுனபடிதான் போட்டாங்க. நான்தான் வர்றன்னைக்கு ரெண்டாப் போட்டு வரச் சொன்னேன். கேஷுவாலிட்டில கேட்டப்ப என்னையக் காட்டிக் குடுக்கல. நானும் சொல்லல. தப்பு என்னோடதுங்கய்யா. இவுக இஷ்டத்துக்கு முழுங்குற ஆளு இல்ல."

"நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியா?"

"அஞ்சாவதுங்கய்யா."

"ஒன்னய வீட்டுக்கு அனுப்பிருவேன், தெரியுமா?"

"அனுப்புங்கய்யா. அதுக்கு முன்னாடி ஒரு தடவ..." தரையைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னேன்: "நீங்க சித்த வெளிய நில்லுங்கய்யா. நீங்க இல்லாம ஒரு தடவ பாக்கட்டும்."

ஒரு ஆயா பெரிய டாக்டரை அவர் அறையிலிருந்து வெளியே போகச் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. அவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார். சின்ன டாக்டரம்மா நோட்டைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு நம்பரைப் படிப்பது மாதிரி நின்றார். நோட்டு குலுங்கியது. பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார், மாரிக்கண்ணைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "டீ குடிச்சிட்டு வாரேன். மூணு தடவ பாத்து எழுதி வைங்க. ஆயா கை படக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆயா கை படவில்லை. நான் சுவரோரம் நின்றேன். மாரிக்கண்ணு மூச்சை நீளமாக விட்டார். "சொல்லிட்டியா தங்கச்சி" என்றார், அவ்வளவுதான். ஐந்து ஐந்து நிமிஷம் விட்டு மூன்று தடவை பார்த்தார் டாக்டரம்மா. முதலில் நூற்று ஐம்பது. அடுத்து நூற்று நாற்பத்திரண்டு. கடைசியில் நூற்று முப்பத்தாறு. பெரிய டாக்டர் மட்டும்தான் பிரஷரை ஏற்றினார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். என் பொய்யையும் அந்த அம்மாதான் இத்தனை நாள் சுமந்துகொண்டு மாடி ஏறியிருக்கிறார்.

பெரிய டாக்டர் திரும்பி வந்தார். மூன்று நம்பரையும் பார்த்தார். அடிக்க எடுத்த பேனாவைப் பையில் வைத்தார். "உள்ள கூட்டிட்டுப் போங்க" என்றார். ஆபரேஷன் நடக்கும்போது ஒரு வார்த்தை சத்தமாகப் பேசவில்லையாம். சின்ன டாக்டரம்மாதான் சொன்னார். "சார், பேசாம இருந்தா இன்னும் நல்லாப் பண்றீங்க" என்று சொல்ல வாய்வரை வந்ததாம். அவரும் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு புளியங்கொட்டை இருக்கிறதே.

எனக்கு மெமோ வந்தது. வர வேண்டியதுதான். அதை நான் எதிர்த்து எழுதவில்லை, எழுதவும் தெரியாது. கண் பிரிவிலிருந்து என்னைத் துணி துவைக்கிற பக்கம் மாற்றினார்கள். கடைசிவரை அங்கேதான் இருந்தேன். அழுக்குத் துணிக்கு மாத்திரை சொல்ல முடியாது, அதனால் நாடும் பிழைத்தது. மாடிப் பிரஷர் மேசைக்குப் பக்கத்தில் நாலு நாற்காலி போட்டு, உட்கார்ந்து ஆறிய பிறகு பார்ப்பது என்று பின்னால் ஏற்பாடு ஆனது. அதற்கு ஒரு நல்ல போர்டும் எழுதி மாட்டினார்கள். பெரிய டாக்டரின் யோசனை என்று போர்டு திறந்த அன்றைக்குப் பேசினார்களாம். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் மட்டும் நான் மேலே போனேன். மாரிக்கண்ணுக்குக் கட்டுப் பிரிக்கிற நேரம். கண்ணைத் துடைத்துவிட்டதும், அவர் முதலில் தன் கையைத்தான் தூக்கிப் பார்த்தார். முந்திரித் தோலின் எண்ணெய் பட்டுப் பட்டு உள்ளங்கையெல்லாம் கறுத்துக் கிடந்தது. "என் கையி இம்புட்டுக் கறுத்தா போச்சு?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீயா தங்கச்சி அது?"

"நான்தான்க்கா."

"இம்புட்டுக் குட்டையா இருக்க? நீ போட்ட சத்தத்துக்கு நல்ல ஒசரமான பொம்பளன்னுல்ல நெனச்சிருந்தேன்!"

வார்டே சிரித்தது. எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சிரிப்பு அடங்கின பிறகு, கட்டில் ஓரத்தில் குனிந்து கேட்டேன்: "ஏங்க்கா, அன்னைக்குக் கீழ கேட்டப்ப என் பேரச் சொல்லாம விட்டீங்க?"

"சொன்னா ஒன் வேல போயிருமே. எனக்குத்தேன் போச்சு, ஒனக்குமா போகணும்?"

இதை நான் பலருக்குச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் இருந்திருக்கிறேன். இப்போது எழுதிவிட்டேன். இதில் நான் எழுதின நம்பரெல்லாம் முன்னே பின்னே இருக்கலாம். அந்த இரண்டு ஹார்மோன் பேரையும் டாக்டரம்மா சொன்ன ஞாபகத்தில் எழுதியிருக்கிறேன், எழுத்துப் பிழை இருக்கும். அந்த இடம் மூளைக்கு அடியிலா, நடுவிலா, எது எதை விரட்டுகிறது, எது எதைத் தணிக்கிறது என்பதையெல்லாம் உங்களில் படித்த பிள்ளைகள் யாராவது நல்ல டாக்டரிடம் கேட்டுச் சரிபார்த்துத் திருத்துங்கள். இரண்டு மாத்திரை போடச் சொன்னது யார் என்கிற இடத்தை மட்டும் யாரும் திருத்த வேண்டாம். அது சரியாகத்தான் இருக்கிறது.